அத்தியாயம் 5: மூக்கும் முகக்கவசமும் போதாத இடம்

குப்பைக் கிடங்கில் தொழிலாளர் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் ஒப்பந்ததாரரின் பில்லில் முதலில் வந்து நிற்பது முகக்கவசம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளும் அந்த வழியிலேயே எழுதப்பட்டன: சீருடை, ஒளிரும் மேலங்கி, கையுறை, மழைக்கோட்டு, காலணி, முகக்கவசம் ஆகியவை தொழிலாளருக்குக் கிடைப்பதையும், அவர்கள் அவற்றை அணிவதையும் உள்ளாட்சி அமைப்பு உறுதி செய்ய வேண்டும். இதில் வேண்டாத பொருள் எதுவும் இல்லை. ஆனால் துணிக் கவசமும் என்95 கவசமும் தூசியைப் பிடிப்பதற்கானவை. வாயு அவற்றின் வழியே தடையின்றிப் போய்வரும். கரி வடிகட்டி பொருத்திய கவசம் சில வாயுக்களைக் கொஞ்ச நேரம் பிடித்துவைக்கும். கார்பன் மோனாக்சைடை அது பிடிக்காது, மீத்தேனைப் பிடிக்காது, காற்றில் ஆக்சிஜன் குறைந்துபோயிருந்தால் அதை ஈடுகட்டவும் அதனால் முடியாது. ஓர் ஆளை எந்த இடத்துக்கு, எந்த நேரத்தில், எதை அளந்து பார்த்த பிறகு அனுப்புவது என்ற முடிவுதான் அவரை வாயுவிலிருந்து காக்கிறது. அந்த முடிவை எடுப்பவர் தொழிலாளி இல்லை. இந்த நூலைக் கையில் வைத்திருக்கும் மேற்பார்வையாளர், துப்புரவு ஆய்வாளர், ஒப்பந்ததாரர் ஆகிய நீங்கள்தான். அதனால் இந்த அத்தியாயம் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறது.

முதலில் மேட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கக்கூடியது: காய்கறிக் கழிவு, மிச்சச் சோறு, வாழையிலை, பூ. அதன்மேல் அடுத்தடுத்து லோடு விழுந்து காற்று அடைபட்டதும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. அவை வெளிவிடும் வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, பென்சீன் போன்றவை சிறு அளவில் கலந்திருக்கும். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் இந்த வேலை விரைவாகும்; சென்னை போன்ற ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மீத்தேனுக்கு மணமும் நிறமும் கிடையாது. காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை அது கலந்திருக்கும்போது ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பள்ளத்தில் இறங்கித் தங்கும். ஹைட்ரஜன் சல்பைடும் காற்றைவிடச் சற்றுக் கனம். வீடு இடித்த கழிவில் வரும் ஜிப்சம் பலகை, பால்ஸ் சீலிங் துண்டுகள் ஈரக் குப்பையோடு சேரும்போது ஹைட்ரஜன் சல்பைடு பல மடங்கு பெருகும்; ஜிப்சத்தில் உள்ள சல்பேட்டை நுண்ணுயிர்கள் அப்படி மாற்றிவிடுகின்றன. இடிபாட்டுக் கழிவைத் தனியே கையாள 2016இலேயே தனி விதிகள் வந்துவிட்டன. நுழைவாயிலில் அந்த லாரியைத் திருப்பி அனுப்புவதும் வாயுப் பாதுகாப்புதான், அதுவும் ஒரு ரூபாய் செலவில்லாத பாதுகாப்பு.

அனுபவசாலிகள் சொல்லும் முதல் மறுப்பு, ‘நாற்றம் வந்தால் விலகிக்கொள்வோம்’ என்பது. அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து ஹைட்ரஜன் சல்பைடைக் கண்டுபிடிக்கலாம் என்பது பாதி உண்மை. ஒரு பிபிஎம்முக்கும் கீழே, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோதே, மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஆனால் 100 பிபிஎம்மை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப நரம்பு மரத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று ஆள் நினைக்கிறார். வாயு போகவில்லை, மூக்குதான் வேலை செய்யவில்லை. 500 பிபிஎம்முக்கு மேல் சில நிமிடங்களில் மயங்கி விழுவார். 1,000 பிபிஎம்மில் ஒன்றிரண்டு மூச்சே போதும். எட்டு மணி நேர வேலைக்கு 10 பிபிஎம், குறுகிய நேரத்துக்கு 15 பிபிஎம் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரம்பு வைத்திருந்தது. 10 பிபிஎம்முக்கும் 100 பிபிஎம்முக்கும் இடையே மூக்கால் வித்தியாசம் சொல்ல முடியாது. கிடங்கிலேயே பத்து வருடம் பழகிய மூக்கால் இன்னும் முடியாது. மற்ற மூன்று ஆபத்துகளான மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜன் குறைவு ஆகியவற்றுக்கு நாற்றமே இல்லை. மூக்கைக் கருவியாக வைத்து நடக்கும் கிடங்கு, நான்கில் மூன்றுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது: ‘இது திறந்தவெளி, காற்றடித்தால் எல்லாம் கலைந்துவிடும்.’ நண்பகலில், கடற்காற்று வீசும்போது, மேட்டின் உச்சியில் நிற்பவருக்கு இது பெரும்பாலும் சரிதான். ஆனால் கிடங்கில் வேலை நண்பகலில் மட்டும் நடப்பதில்லை, உச்சியில் மட்டும் நடப்பதுமில்லை. விடியலுக்கு முந்தைய மணி நேரங்களில் தரை குளிர்ந்து, காற்று அசையாமல், மேலே இருக்கும் சூடான அடுக்கு ஒரு மூடிபோல் அழுத்திக்கொண்டிருக்கும். இரவெல்லாம் கசிந்த வாயு சரிவுகளின் அடியிலும் லாரித் தடப் பள்ளங்களிலும் தேங்கி நிற்கும். நகரம் விழிப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்று ஆட்களை அனுப்பும் நேரமும் அதுதான். அடுத்து, காற்றழுத்தம். இங்கிலாந்தின் டெர்பிஷையரில் லோஸ்கோ என்ற ஊரில் 1986 மார்ச் 24 அன்று ஒரு வீடு வெடித்துச் சிதறியது. அருகிலிருந்த பழைய குப்பைக் கிடங்கின் வாயு மண்ணுக்கடியில் ஊர்ந்துவந்து வீட்டுக்குள் தேங்கியிருந்தது. வெடிப்புக்கு முந்தைய ஏழு மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் சரிந்திருந்ததை விசாரணை கண்டறிந்தது. வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளே அடைபட்ட வாயு வேகமாக வெளியேறும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ஐப்பசி, கார்த்திகையில் வானொலி சொல்லும்போது மழைக்கோட்டை எடுத்துவைப்பதோடு நின்றுவிடாதீர்கள். அன்றைக்குக் குழி வேலையைத் தள்ளிப்போடுங்கள். காவலாளி அறை, எடைமேடை அறை இவற்றில் கேபிள் நுழையும் ஓட்டைகளைக் களிமண்ணோ சீலண்டோ வைத்து அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அறையைத் திறந்துவைத்து, அளந்து பார்த்துவிட்டு, பிறகு ஆளை உட்காரச் சொல்லுங்கள். கிடங்கில் மீத்தேன் அதன் கீழ் வெடி எல்லையில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று நம் விதிகள் சொன்ன அளவு, காற்றில் வெறும் 1.25 சதவீதம். ஜன்னல் சாத்திய ஓர் அறைக்குள் அது சேர்வதற்கு அதிக நேரம் வேண்டாம்.

திறந்தவெளி என்ற வாதம் முற்றிலும் நொறுங்கும் இடம் குழி. கசிவுநீர், களத்தில் லீச்சேட் என்று சொல்வார்களே, அது சேரும் தொட்டி, பம்ப் கிணறு, மேன்ஹோல், வாயு வெளியேற்றும் குழாயின் அடி, பொக்லைன் வெட்டிய ஆழமான வாய்க்கால்: இவற்றுக்குள் காற்று புரள்வதில்லை. இங்கே சாவு பெரும்பாலும் ஒருவரோடு நிற்பதுமில்லை. அடைப்பை எடுக்க இறங்கியவர் சாய்கிறார். மேலே நிற்பவர் ஓடிப்போய் இறங்குகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குகிறார். இத்தகைய அடைபட்ட இடங்களில் இறப்பவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இலேயே எழுதியது. பாதாளச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் நம் ஊரில் எத்தனையோ முறை இதே கதையைச் சொல்லிவிட்டன. அவற்றுக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடுக்க 2013இல் தனிச் சட்டம் வந்தது. சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கசிவுநீர்த் தொட்டி அந்தச் சட்டத்துக்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். நுரையீரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. உங்கள் கிடங்கில் விதி இப்படி இருக்கட்டும்: தொட்டிக்குள் ஆள் இறங்குவதில்லை. மோட்டாரைச் சங்கிலியில் கட்டி மேலிருந்தே தூக்கும்படி அமையுங்கள், சேற்றை உறிஞ்சும் லாரியை வையுங்கள், தொட்டி கட்டும்போதே ஏணி வைக்காமல் விடுங்கள். ஏணி இருந்தால் ஒருநாள் யாராவது இறங்குவார். தவிர்க்கவே முடியாத பழுதுக்கு மட்டும், வெளிக்காற்றைக் குழாய் வழியே கொண்டுவரும் மூச்சுக் கருவி, முக்காலியில் கட்டிய உயிர்க்கயிறு, மேலே வேறு வேலை எதுவும் இல்லாமல் நிற்கும் ஓர் ஆள் ஆகிய மூன்றும் வேண்டும். விழுந்தவரை மேலிருந்தே இழுக்க முடியாத ஏற்பாடு என்றால் அன்று அந்த வேலை கிடையாது.

இப்போது புதிதாக ஒரு வேலை பெருகியிருக்கிறது. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுகளாகக் குவிந்ததைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங். இந்த வேலை தேவையானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மூடிக் கிடந்த வாயுவை ஒரே நாளில் திறந்துவிடும் வேலையும் இதுதான். பொக்லைன் வாளி வெட்டிய புதிய முகத்திலிருந்து, அதுவரை உள்ளே சிக்கியிருந்த மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் ஒரு வீச்சில் வெளிவரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்வதுபோல, பழைய குப்பையைக் கிளறி, நீண்ட வரப்புகளாக இட்டு, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் போட்டு, காற்றுப்பட விட்டால் அந்த வாயு வேகமாக அடங்கும். சலிக்கும் ட்ராமெலுக்கு அருகில் கையால் பொறுக்கும் ஆட்களை நிறுத்துவது இந்த ஆறவிடுதலுக்குப் பிறகுதான். டன் கணக்குக் காட்ட வேண்டும் என்று, வெட்டிய குப்பையை ஆறவிடாமல் நேரே சல்லடைக்குக் கொண்டுபோவது இந்த வேலையின் மிகக் கெட்ட குறுக்குவழி. வெட்டும் முகத்துக்குக் கீழே, காற்று போகும் பக்கத்தில், காலால் நடக்கும் யாரும் நிற்கக் கூடாது. ஒரு கம்பில் துணிப்பட்டை கட்டி நட்டால் காற்றின் திசை எல்லோருக்கும் தெரியும். பொக்லைன் ஓட்டுநர் கண்ணாடி அறைக்குள் ஏசியோடு உட்கார்ந்திருப்பதால் பாதுகாப்பாக இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். அந்த ஏசியின் வடிகட்டி தூசிக்கானது. வெட்டும் முகத்துக்கு மிக அருகில் முழு நாளும் இருப்பவர் அவர்தான். கிடங்கில் இரண்டே கருவிகள் இருந்தால் ஒன்று அவருடைய சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

கருவி என்று நான் சொல்வது நான்கு வாயு கேஸ் டிடெக்டர்: ஆக்சிஜன், எரிவாயு, ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு. விலை, ஒரு டிப்பர் லாரிக்கு முழு செட் டயர் மாற்றும் செலவுக்குள் அடங்கும். வாங்குவது எளிது, நம்பும்படி வைத்திருப்பதுதான் வேலை. முதலில் அதன் மொழி புரிய வேண்டும். எரிவாயுக் கட்டத்தில் 10 என்று காட்டினால் காற்றில் 10 சதவீதம் மீத்தேன் என்று பொருளில்லை. வெடிக்கத் தொடங்கும் எல்லையில் 10 சதவீதம், அதாவது 0.5 சதவீதம் மீத்தேன். அங்கேயே வேலையை நிறுத்திவிட வேண்டும். ஆக்சிஜன் வழக்கமாக 20.9 இருக்கும், 19.5க்குக் கீழே போனால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்குப் பழைய சட்டத்தின் எட்டு மணி நேர வரம்பு 50 பிபிஎம். குழியை அளக்கும்போது உறிஞ்சு குழாயை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் விட்டுப் பாருங்கள். மீத்தேன் மேலேயும் மற்றவை கீழேயும் ஒளிந்திருக்கலாம். எப்போதும் ஆக்சிஜனை முதலில் வாசியுங்கள், ஏனென்றால் வழக்கமான எரிவாயு சென்சார் ஆக்சிஜன் இல்லாமல் சரியாக வேலை செய்யாது. மீத்தேன் மிக அதிகமாக இருக்கும் இடத்திலும் அது குறைத்தே காட்டக்கூடும். கிடங்குக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. ஷாம்பு, அழகுசாதனப் பொருட்களிலிருந்து வரும் சிலாக்சேன் ஆவி குப்பை வாயுவில் கலந்திருக்கும். அது இந்த சென்சாரைச் சிறிது சிறிதாக நஞ்சூட்டி உணர்விழக்கச் செய்யும். திரையில் பூஜ்யம் காட்டிக்கொண்டே கருவி செத்துப்போயிருக்கும். ஆகவே வாங்கும்போதே மீத்தேனுக்கு அகச்சிவப்புச் சென்சார் கேளுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அளவு தெரிந்த சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பாருங்கள். பம்ப் டெஸ்ட் என்று களத்தில் சொல்லும் இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். அதைச் செய்யாத கருவி, கருவியே இல்லாததைவிட மோசம். இல்லாதபோது ஆட்கள் எச்சரிக்கையாகவாவது இருப்பார்கள்.

தீப்பிடித்த நாட்கள் தனிக் கணக்கு. 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி, 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் என்று கோடையில் கிடங்குகள் எரிகின்றன. எரிந்தால் நாட்கணக்கில் புகைகின்றன. மேலே தெரியும் தீயைவிட உள்ளே கனலும் தீதான் கார்பன் மோனாக்சைடைக் கக்கும், காற்றுப் போதாமல் எரிவது அதுதான் என்பதால். அந்த வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, தடுமாற்றம்: வெயிலிலும் இவைதான் வரும், காலையில் சாப்பிடாமல் வந்தாலும் இவைதான் வரும். தடுமாறும் ஆளைப் பார்த்து ‘குடிச்சிட்டு வந்திருக்கான்’ என்று முடிவு கட்டி ஓரமாகப் படுக்கவைப்பது நடக்கக்கூடிய தவறு; அந்த ஓரம் புகை போகும் பக்கமாக இருந்தால் அது கொலைக்குச் சமம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் இங்கே நம்ப வேண்டாம். கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணி 98 காட்டும். ஆளைப் புகையிலிருந்து காற்று வரும் பக்கத்துக்கு மாற்றி, ஆக்சிஜன் கொடுக்கக்கூடிய மருத்துவமனைக்கு அனுப்பி, புகையில் இருந்தவர் என்று வாய்விட்டுச் சொல்லியனுப்ப வேண்டும். கனலும் இடத்தில் பள்ளம் விழும், மேல் ஓடு உள்வாங்கும். அதன்மேல் நடக்க யாரையும் அனுப்பக் கூடாது. மண் போட்டு மூடிக் காற்றை அடைப்பதும், சிறு பகுதியாக இயந்திரத்தால் பெயர்த்து அணைப்பதும் தீயணைப்புத் துறையோடு பேசிச் செய்ய வேண்டியவை.

‘கவசம் கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை’ என்ற புகாருக்கு வருகிறேன். கத்திரி வெயிலில் மேட்டின் மேல் முழுமுகக் கவசம் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்று பார்த்தால் அந்தப் புகாரில் பாதி கரைந்துவிடும். போடாததை ஒழுங்கீனம் என்பதைவிட உடல் தாங்காமை என்பதே பொருத்தம். மனிதரால் தாங்க முடியாத ஒன்றின்மேல் கட்டிய பாதுகாப்பு மதியத்துக்குள் சரிந்துவிடும் என்பதும் இடத்தையும் நேரத்தையும் முன்னால் வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம். தூசிக்கு என்95, குறிப்பிட்ட சிறு வேலைகளுக்குச் சரியான வடிகட்டி, குழிக்கு வெளிக்காற்றுக் கருவி என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துக்கொண்டால் கவசத்துக்கும் மதிப்பு வரும்.

‘இருபது வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை’ என்பது கேட்டுக் கேட்டுப் பழகிய வாதம். ஆனால் எந்தப் பதிவேட்டைப் பார்த்து அப்படிச் சொல்கிறார்கள்? ஒப்பந்தம் மாறும்போது ஆட்களும் மாறுகிறார்கள். தலைவலியால் வேலையை விட்டவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கண் எரிச்சலும் இருமலும் குப்பை வேலையின் இயல்பு என்று எழுதப்படாமலே போகின்றன. எண்ணாததை இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: யாருக்கு, எந்த மணிக்கு, கிடங்கின் எந்தப் பகுதியில், என்ன உபாதை, அன்று காற்று எந்தப் பக்கம். ஒரு பருவம் முடிவதற்குள் அதே சரிவும் அதே மணியும் திரும்பத் திரும்ப வந்தால், கேஸ் டிடெக்டரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அந்த நோட்டே காட்டிவிடும். அதில் எழுதியவரின் கூலியைப் பிடித்தால் மறுநாளிலிருந்து நோட்டு வெறுமையாக இருக்கும், ஜாக்கிரதை.

சம்பளப் பட்டியலில் இல்லாதவர்களும் மேட்டில் இருக்கிறார்கள். இரும்பு, பிளாஸ்டிக் பொறுக்கி விற்றுப் பிழைப்பவர்களை ‘எங்கள் ஆட்கள் இல்லை’ என்று ஒதுக்குவது ஒப்பந்த மொழியில் சரியாக இருக்கலாம். ஆனால் அதே 2016 விதிகள் அவர்களை அங்கீகரித்து அமைப்புக்குள் சேர்க்கச் சொன்னவை. நடைமுறையிலும், புதிதாக வெட்டிய முகத்துக்கு முதலில் ஓடிவருபவர்கள் அவர்கள்தான், பழைய இரும்பு வெளிப்படும் இடம் அது என்பதால். வேலி போட்டுத் துரத்தினால் காவல் இல்லாத இரவில், காற்று அசையாத அந்த நேரத்தில் வருவார்கள். அதைவிட, அட்டை கொடுத்து, ஆறவிட்டு முடிந்த வரப்புகளில் பகலில் பொறுக்க இடமும் நேரமும் ஒதுக்கினால் ஆபத்தும் குறையும், பிரித்தெடுக்கும் வேலையும் நடக்கும்.

கடைசியாகப் பணம். தோண்டும் வேலைக்கு அளவைப் பார்த்துத்தான் கூலி. அலாரம் அடித்து இரண்டு மணி நேரம் நின்றால் அந்த இரண்டு மணி நேரம் ஒப்பந்ததாரரின் நஷ்டம். இந்தக் கணக்கு இப்படியே இருக்கும்வரை எந்த மேற்பார்வையாளரும் அலாரத்துக்காக வேலையை நிறுத்தமாட்டார். கருவியை அணைத்துவைப்பார், அல்லது வண்டியிலேயே விட்டுவிட்டு வருவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, டெண்டரைத் திருத்த வேண்டும். வாயு அளவால் நின்ற நேரத்துக்குத் தாமத அபராதம் கிடையாது, இயந்திரத்துக்கும் ஆளுக்கும் நிற்கும் கூலி உண்டு, நிறுத்தச் சொல்லும் உரிமை அங்கு வேலை செய்யும் எவருக்கும் உண்டு என்று மூன்று வரிகள் சேர்க்க வேண்டும். கூடவே நான்காவதாக ஒன்று: கருவியில் பதிவாகும் அன்றன்றைய அளவீட்டை மாத பில்லோடு இணைக்க வேண்டும், அளவீடு இல்லாத நாளுக்குப் பில் பாஸ் ஆகாது. கருவி அளவு திருத்தத்துக்குப் போயிருந்தது என்ற சாக்குக்கு இடம் கொடுக்காமல் இருக்க, கூடுதலாக ஒரு கருவியையும் சோதனை வாயு சிலிண்டரையும் முதல் நாளே பொருள் பட்டியலில் எழுதிவிடுங்கள்.